பிடரியில் எழுதிய பெயர்

மழைக்காலம் பிறந்துவிட்டால் அண்ணன் வானத்தைத் திட்டாத நாள் கிடையாது. ஊருக்கெல்லாம் மழை என்றால் தண்ணீர். அவனுக்கு மழை என்றால் நுரை. பொம்மை வார்க்கிற ரெசின் இருக்கிறதே, அது ஈரக்காற்று பட்டால் ஆகாத சம்பந்தியைக் கண்ட மாதிரி பொங்கிவிடும். அச்சைப் பிரித்துப் பார்த்தால் கன்னத்தில் குழி, மூக்கில் ஓட்டை, விரல்களில் பாதியைக் காணோம். "அம்மை போட்ட மூஞ்சி பாரு. இதுக்கு நீ என்ன பூசினாலும் நிக்காது" என்று தங்கையிடம் தூக்கிக் காட்டிவிட்டுக் குப்பைக் கூடையில் வீசுவான். அந்தக் கூடையைப் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் அரண்டுதான் போவார்கள்.

தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் குட்டிதான். அண்ணன் வார்ப்பான், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், கை, கால், தலை எல்லாவற்றையும் உடம்புக்குள் ஓடுகிற எலாஸ்டிக்கில் கோப்பான். குட்டி முகம் எழுதுவாள். அண்ணி துணி தைப்பாள், முடி கட்டுவாள். ஒரு வீட்டின் பின்கட்டில் மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, எப்போதும் தீராத வார்னிஷ் வாடை. அவ்வளவுதான் அவர்கள் தொழிற்சாலை.

இவை பிள்ளைகள் தரையில் போட்டு இழுக்கிற பொம்மைகள் இல்லை. வளர்ந்த மனிதர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, துணி மாற்றி, முடி மாற்றி, ஒருவருக்கொருவர் காட்டிப் பொறாமைப்படுகிற பொம்மைகள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது. முகம் வேறு, பெயர் வேறு. முடியை வழித்து எடுத்தால் பிடரியில் குட்டியின் கையெழுத்தில் பெயர் இருக்கும். அதன் மேல் வார்னிஷ் ஏறிவிட்டால் அந்தப் பெயர் அந்தப் பொம்மைக்கே சொந்தம். பெயர் இல்லாத பொம்மையை எவனும் சீந்த மாட்டான்.

பெயர் வைப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. கடைசிப் பூச்சு காய்ந்த மாலையில் பொம்மையை நடு மேஜையில் உட்கார வைப்பார்கள். மூன்று பேரும் டீயோடு சுற்றி உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியது. யார் சொல்கிற பெயருக்கு மற்ற இரண்டு பேரும் சிரிக்கிறார்களோ அதுதான் பெயர். அதில் அண்ணியை அடிக்க ஆள் கிடையாது. கண் பாதி மூடியிருந்தவளுக்கு 'அரைத்தூக்கம்', தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றவளுக்கு 'காதுலயே விழல', எதற்கும் பிடி கொடுக்காத முகத்துக்கு 'நாளைக்குப் பாக்கலாம்'. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்த முதல் சிரிப்பே இந்த மேஜையில்தான். அதற்கு முன்னால் சமையலறையில் அவள் அழுத சத்தம்தான் குட்டிக்குத் தெரியும்.

அழாமல் என்ன செய்வாள்? அண்ணி பிறந்த வீட்டு வழிபாடு வேறு, வாழ வந்த வீட்டு வழிபாடு வேறு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே அவள் அப்பா, "எனக்கு அப்படி ஒரு பொண்ணு இல்லை" என்று கதவைச் சாத்தினார். சாத்தியது சாத்தியதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு தெருதான் இருந்தது. அந்த நாலு தெருவைத் தாண்டி வருஷக்கணக்கில் ஒரு சொல் வரவில்லை. போன வருஷம் அந்த மனிதர் கண்ணை மூடினார். அதற்கப்புறம் ஒரு மத்தியானம், கறுப்புக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். மேஜையில் கிடந்த ஒரு சின்னக் கையை எடுத்து விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"நகம்கூட வெச்சிருக்கீங்களே" என்றாள்.

அண்ணி தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், தன் வழிபாடு முடிந்த கையோடு அம்மா வருவாள். ஒரு தூக்குப் பாத்திரத்தில் சூப் கொண்டுவருவாள். பொம்மைகளின் முடியை மடியில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே, யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு முட்டி வலி என்று பேசிக்கொண்டிருப்பாள். அவள் வருகிற நாளில் அண்ணி காலையிலேயே குளித்து, ஒரு சேலையைக் கட்டி, அவிழ்த்து, இன்னொன்றைக் கட்டி, வாசலுக்கும் அடுப்புக்கும் அலைவாள். "கலெக்டரா வராரு?" என்று அண்ணன் கிண்டல் செய்வான். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்பாள் அண்ணி. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் இருந்தாள். அது எல்லோருக்கும் தெரியும். குட்டிக்கு நன்றாகவே தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்காரர் வந்தார். பொம்மைகளை மொத்தமாக வாங்கி விற்பவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, அதை வீடெல்லாம் தேடுகிற மனிதர்.

"கண்காட்சி வருது. இந்தத் தடவை அம்மாக்கள்னு ஒரு வரிசை போடலாம்" என்றார். "பெரிய பொம்மை. ஒவ்வொண்ணும் தாய் முகம். ஆனா பேரைக் கொஞ்சம் கனமா வைங்க. அரைத்தூக்கம், முழுத்தூக்கம்னு வெச்சா அலமாரியில வைப்பாங்க, மனசுல வைக்க மாட்டாங்க."

"எங்க பேருக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அண்ணி. "வீட்டுக்காரம்மாவை மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது பழைய கதை. மோவாய் தூக்கிய ஒரு பொம்மைக்கு 'வீட்டுக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா அதைக் கையில் எடுத்துப் பிடரியைப் படித்துவிட்டாள். இன்றோடு வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்து நின்றபோது, "என்ன கம்பீரம் பாருங்க!" என்று சொல்லிப் பொம்மையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெயரால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று குட்டி நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான் இருக்க வேண்டும்.

அந்த வரிசையில் கடைசிப் பொம்மையின் முகம் குட்டிக்குத் தானாக வந்தது. கொஞ்சம் தாழ்ந்த இமை. இப்போதுதான் யாரையோ மன்னித்துவிட்டு நிமிரப் போகிற உதடு. சிவப்புப் பொடியைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்தில் ஒற்றியபோது அவளுக்கே கை கூசியது. தான் இதுவரை எழுதியதிலேயே நல்ல முகம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழில்காரர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு மமதை வரும். அது வந்தது.

மாலையில் பொம்மையை நடு மேஜையில் வைத்தார்கள். யாரும் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அப்போது குட்டி ஒரு பெயரைச் சொன்னாள்.

அது அண்ணி பிறந்த வீட்டார் கும்பிடுகிற தாயின் பெயர். வாய் கொப்பளிக்காமல் அந்தப் பெயரை அவர்கள் சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட வைக்க மாட்டார்கள். பிள்ளையைக் கோபத்தில் திட்டும்போது அந்தப் பெயரும் சேர்ந்து திட்டு வாங்குமே என்று. இதைக் குட்டிக்குச் சொன்னதே அண்ணிதான். என்றைக்கோ முடி கட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

"அது சாமி பேராச்சே" என்றான் அண்ணன்.

"அதனாலதான் சொல்றேன். இந்த மூஞ்சிக்கு வேற எந்தப் பேர் பொருந்தும்? அண்ணிக்கும் பெருமைதானே. என்ன அண்ணி?"

அண்ணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதுக்குள் போகாமல் இரண்டு தடவை விலகியது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அண்ணன் கேட்டான்.

"பொம்மைக்குத்தானே. வைங்களேன்" என்றாள் அண்ணி. பிறகு, "அடுப்புல பால் வெச்சேன்" என்று எழுந்து போனாள்.

அடுப்பில் பால் இல்லை. பால்பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்ததைச் சற்று முன்னால் டீ போட்ட குட்டியே பார்த்திருந்தாள். பார்த்தும் தூரிகையை எடுத்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. சொல்ல முடியாதவளிடம் போய்ச் சம்மதம் கேட்டால் சம்மதம் கிடைக்காமல் என்ன செய்யும்? பிடரியில் பெயரை எழுதி, காய்ந்ததும் வார்னிஷ் ஏற்றினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்திருந்தது.

கண்காட்சி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. பொம்மை சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணியோடு பார்த்து எவரும் வாங்க மாட்டார்கள். துணியைக் கழற்றி மூட்டுகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முடியை எடுத்துப் பெயரைப் படிக்க வேண்டும். தலையைக் கழற்றி உள்ளே கண் எப்படிப் பதித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலாஸ்டிக் இழுத்த இழுப்புக்கு வருகிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது மாதிரிதான். குட்டி இதை எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறாள்.

அந்தக் கடைசி அம்மா பொம்மையை ஒரு ஆள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கழற்றிக் காட்டுங்க" என்றார். குட்டி கழற்றினாள். அண்ணி பார்த்துப் பார்த்துத் தைத்த நீல அங்கி ஒரு பக்கம், முடி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நடுவில் அம்மணமாக உடம்பு. தலையைக் கவிழ்த்து வைத்ததில் பிடரியில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆள் போனை எடுத்துப் படம் பிடித்தார். அப்போது தன் கை கொஞ்சமாவது தயங்கியதா என்று குட்டி பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தாள். தயங்கவில்லை. அதுதான் உண்மை.

படம் போனுக்குப் போன் தாவியது. ஊர் வாய் என்றால் கொஞ்சம் காலம் எடுக்கும். போனுக்கு அதுவும் தேவையில்லை.

அம்மா வருகிற நாள் அது இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வார்ப்பதை நிறுத்திவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மா உள்ளே வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம் இல்லை.

"என்னம்மா, இந்த மழையில?" என்று அண்ணி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அம்மா துண்டை வாங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது உங்க வீட்டுப் பொம்மையா?"

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வழிபாடு முடிஞ்சு வெளிய வரேன். செருப்பைக்கூட மாட்டலை, ஒருத்தி நீட்டறா. உன் பொண்ணு வீட்டு வேலையாமேன்னு கேக்கறா. துணி இல்லாம, தலை இல்லாம..." அம்மா போனை அவர்கள் பக்கம் தள்ளினாள். "அந்தப் பேரை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?"

அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். பயத்தில் வந்ததா, திமிரில் வந்ததா, அவளுக்கே தெரியாது. ஆனால் வந்துவிட்டது.

"அண்ணியைக் கேட்டுட்டுத்தான் வெச்சோம், அத்தை. அவங்கதான் வைங்கன்னு சொன்னாங்க."

சொல்லி முடிக்கும் முன்பே அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது. அம்மா மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"நீயா சொன்னே?"

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு குட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் குட்டிக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை. துண்டை நாலாக மடித்தாள்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

அம்மா போனை எடுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். "அம்மா, குடை!" என்று அண்ணி வாசல்வரை ஓடினாள். அம்மா திரும்பவில்லை.

அண்ணன் அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையிடம் குரலை உயர்த்தினான். "உனக்கு வாயில சனியா? நானும்தானே தலையை ஆட்டினேன்? என் பேரைச் சொல்லக் கூடாது?"

"விடுங்க. அவ பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அண்ணி. உள்ளே போய்ப் பாத்திரங்களை எடுத்துப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரங்கள்தான் அவை.

கண்ணாடிக்காரர் பொம்மையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், "நான்தான் கனமா வைங்கன்னேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அண்ணன் உப்புத்தாளை நனைத்துப் பிடரியை ஒட்டத் தேய்த்தான். வார்னிஷ் போயிற்று, எழுத்து போயிற்று. அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அம்மா வருகிற நாள் வந்தது. அண்ணி குளித்தாள். ஒரே ஒரு சேலையைக் கட்டினாள், மாற்றவில்லை. அம்மா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சுவரில் சாய்ந்திருந்த குடையை அண்ணி ஒரு தடவை விரித்துக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் சாய்த்து வைத்தாள்.

குட்டிக்குச் சோறு இறங்கவில்லை. முகம் எழுத உட்கார்ந்தால் எல்லா உதடும் ஒரு பக்கம் கோணியது. கடைசியில் ஒருநாள், அண்ணி கடைக்குப் போயிருந்த நேரத்தில், குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குடையைக் கொடுக்கிற சாக்கில் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்கு.

அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொன்னாள். அதுவே குட்டிக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

"அத்தை, அண்ணி சொல்லலை. பேர் சொன்னது நான்தான். அவங்க மனசில்லாமதான் வைங்கன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். உங்க எதிர்ல தப்பிக்கறதுக்கு அவங்களை மாட்டிவிட்டேன்."

அம்மா விளக்குமாற்றை மூலையில் வைத்தாள்.

"தெரியும்மா" என்றாள். "பெத்தவளுக்குத் தெரியாதா? அந்தப் பேரை அவ சொல்ல மாட்டா. சின்ன வயசுல கனவுல உளறினதுக்கே எழுந்து வாய் கொப்பளிச்சவ."

"அப்புறம் ஏன் அத்தை..."

"அவ ஆமான்னாளே." அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த தூசி எப்போதோ போய்விட்டது. "நான் வேணும்னுதான் அவ மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேன். இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நின்னேன். உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரலை அவளுக்கு. என்னை விட்டுக்கொடுத்தா. அன்னைக்கு அவங்க அப்பா எதிர்லயும் இப்படித்தான் நின்னா. ஒருதடவை பொறுத்துக்கிட்டேன். எத்தனை தடவைம்மா பொறுக்கறது?"

குட்டி குடையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அம்மாவே மறுபடி கேட்டாள்.

"அந்தப் பொம்மை என்னாச்சு?"

"பேரை அழிச்சுட்டோம் அத்தை. சுத்தமா அழிச்சாச்சு."

அம்மா சிரித்த மாதிரி இருந்தது. "எழுதறதும் நீங்க, அழிக்கறதும் நீங்க" என்றாள். பிறகு குட்டியின் கையிலிருந்த குடையை வாங்கி ஆணியில் மாட்டினாள். "நீ நல்ல பொண்ணுதான். டீ குடிச்சுட்டுப் போ."

குட்டி டீ குடித்தாள். சூடாக இருந்தது, ஒரு ருசியும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"குடையைக் காணோமே குட்டி. யாராச்சும் வந்தாங்களா? அம்மா வந்துட்டுப் போனாங்களா?"

"நான்தான் அண்ணி கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

அண்ணி குடை சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தாள். குடையின் ஈரம் பட்ட கறை இன்னும் அங்கே இருந்தது.

"ஏன் குட்டி கொடுத்தே?" என்றாள். திட்டுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல். "அதை எடுக்கவாச்சும் வருவாங்கன்னு இருந்தேனே."

குட்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவளைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

மழைக்காலம் முடிந்தது. அண்ணன் வார்த்ததெல்லாம் நுரை இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. வானத்தைத் திட்ட அவனுக்கு வேலை இல்லை, பேசவும் அதிகம் ஒன்றும் இல்லை. வெளுத்த பிடரிக்காரி அலமாரியில் மேல்தட்டில், அண்ணி தைத்த நீல அங்கியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணி ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வேளைக்குச் சமைத்தாள், தைத்தாள், குட்டிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டாள். பண்டிகைக்கு வந்த விருந்தாளிகூட அவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்ள முடியாது.

ஒரு மாலையில் புதுப் பொம்மை ஒன்று காய்ந்தது. சின்னப் பெண் முகம். ஒரு புருவம் மேலே ஏறி, எவனையோ நம்பாமல் பார்க்கிற முகம். இப்படி ஒரு மூஞ்சி அண்ணி கையில் கிடைத்தால் விடுவாளா? பழைய நாளாக இருந்தால் பொம்மை மேஜைக்கு வருவதற்குள் பெயர் வந்திருக்கும், பின்கட்டே அதிர்ந்திருக்கும். குட்டி வேண்டுமென்றேதான் அந்தப் புருவத்தை அப்படித் தூக்கி எழுதியிருந்தாள்.

டீ வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் குட்டியைப் பார்த்தான், குட்டி அண்ணியைப் பார்த்தாள்.

"இவளுக்கு என்ன பேர் வைக்கலாம் அண்ணி?"

அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பொம்மையைப் பார்த்தாள். உதட்டோரம் என்னவோ அசைந்த மாதிரிகூட இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க" என்றான் அண்ணன் அவசரமாக. "நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

குட்டி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "சந்தேகப்பிராணின்னு வைக்கலாமா?"

நல்ல பெயர்தான். அண்ணன் சிரிக்கக்கூடச் செய்தான்.

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வைங்களேன்" என்றாள்.

பிறகு, "அடுப்புல பால் வெச்சேன்" என்று எழுந்து போனாள். குட்டி தூரிகையைக் கழுவித் துடைத்து டப்பாவில் வைத்தாள். அந்தப் பொம்மையின் பிடரியில் அவள் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.